இரண்டுக்கு ஒன்று: நடப்பு விகிதம் நம் வங்கிகளுக்கு வந்து சேர்ந்த வரலாறு

கோயம்புத்தூரிலோ சிவகாசியிலோ சிறு தொழிற்சாலை நடத்தும் ஒருவர், மூலப்பொருள் வாங்கவும் கூலி கொடுக்கவும் வங்கியில் நடைமுறை மூலதனக் கடன் வேண்டி விண்ணப்பிக்கும்போது, அவருடைய கணக்குகளிலிருந்து பிரித்தெடுக்கப்படும் பல எண்களுள் ஓர் எண்ணின்மீதே அதிகாரியின் பார்வை முதலில் சென்று விழுகிறது. ரொக்கம், சரக்கு இருப்பு, வரவேண்டிய பாக்கி என ஓராண்டுக்குள் பணமாகக்கூடிய சொத்துகளை, ஓராண்டுக்குள் தீர்த்தாக வேண்டிய கடன்களால் வகுத்தால் கிடைக்கும் அந்த எண்ணுக்கு நடப்பு விகிதம் என்று பெயர். அது 2 ஆக இருத்தல் வேண்டும் என்று வணிகவியல் பாடநூல் மாணவனுக்குப் போதிக்கிறது. வங்கியின் படிவமோ 1.33 இருந்தால் போதும் என்கிறது. சிறுதொழிலுக்கென்று வகுத்த விதியைப் பிரித்துப் பார்த்தாலோ 1.25 என்று வருகிறது. ஒரே பொருளை அளக்க மூன்று அளவுகோல்கள் எவ்வாறு ஏற்பட்டன என்று ஆராயப் புகுந்தால், அம்மூன்றில் எதுவும் கணித சாஸ்திரத்தாலோ பொருளாதார சாஸ்திரத்தாலோ நிரூபிக்கப்பட்டதன்று என்பதும், ஒவ்வொன்றும் ஒரு காலத்தில், ஒரு தேசத்தில், பணத்தைப் பிறர் கையில் கொடுத்துவிட்டுக் கவலையோடு காத்திருந்தவர்களின் நிலைமையிலிருந்து பிறந்தது என்பதும் புலனாகும். அந்தப் பிறப்பின் வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க நாட்டில் கடன் கொடுப்போர் எண்களைக் கேட்கவில்லை, ஆளைக் கேட்டார்கள். 1837ஆம் ஆண்டில் அங்கு நேர்ந்த பெரும் வர்த்தக நெருக்கடியில் நியூயார்க்குப் பட்டு வியாபாரிகளான டாப்பன் சகோதரர்களின் நிறுவனம் கடன்காரர்களுக்குப் பணம் தர இயலாமல் நின்றுபோயிற்று. அதில் பட்ட அனுபவத்தைக் கொண்டே லூயிஸ் டாப்பன் 1841இல் ‘மெர்க்கன்டைல் ஏஜென்சி’ என்ற தகவல் நிலையத்தை நிறுவினார். தூரத்து ஊர்களில் இருந்த வக்கீல்களும் பிற நிருபர்களும் அவ்வூர் வியாபாரிகளைப் பற்றி அவருக்கு எழுதியனுப்புவார்கள். இன்னார் குடிப்பவரா, சிக்கனமானவரா, மாமனாருக்குச் சொத்து உண்டா, முன்பு எப்போதேனும் கைதூக்கினாரா என்பன போன்ற விவரங்களைப் பெரும் பேரேடுகளில் பதிந்துவைத்து, சந்தா செலுத்திய மொத்த வியாபாரிகளுக்கு அவர் படித்துக் காட்டச் செய்தார். இன்று ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்பெறும் அப்பேரேடுகள் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவை. அவற்றின் பொருள் பெரும்பாலும் மனிதர்களின் ஒழுக்கமே. கடன் என்பது ஒருவர் குணத்தின்மேல் வைக்கும் நம்பிக்கை என்ற அந்தக் கொள்கை, நம் நாட்டு லேவாதேவிக்காரர்களுக்கும் புதியதன்று.

இந்நிலையை மாற்றியது எந்த அறிஞரின் நூலுமன்று. ரொக்கத் தள்ளுபடி என்ற ஒரு சாதாரண வியாபார வழக்கமே. அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முன்பு, சரக்கு விற்றவர் வாங்கியவர்மேல் உண்டியல் எழுதுவார். வாங்கியவர் அதில் சம்மதக் கையெழுத்திடுவார். விற்றவர் தாமும் கையெழுத்திட்டு அதை வங்கியில் கொடுத்துப் பணமாக்கிக்கொள்வார். அந்தக் காகிதத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒருவர் தவறினால் மற்றவரைப் பிடிக்கலாம். அதன் பின்னால் உண்மையாகக் கைமாறிய சரக்கு ஒன்றும் இருந்தது. போர்க்காலத்தில் அச்சிடப்பட்ட காகித நாணயத்தின் மதிப்பு நாளுக்கு நாள் ஏறியிறங்கியதால், விற்பவர்கள் மாதக்கணக்கில் தவணை கொடுக்க அஞ்சி, உடனே ரொக்கமாகக் கொடுப்போருக்குக் கணிசமான தள்ளுபடி அளிக்கத் தொடங்கினார்கள். அந்தத் தள்ளுபடி வங்கி வட்டியைவிட மிகுதியாக இருந்தமையால், வாங்குபவர்கள் தங்கள் ஒற்றைக் கையெழுத்தில் பிராமிசரி நோட்டு எழுதிக் கொடுத்து வங்கியில் கடன் பெற்று, அப்பணத்தால் சரக்குக்கு ரொக்கம் செலுத்துவதையே லாபமாகக் கண்டார்கள். விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நன்மை. வங்கிக்கோ இரண்டாவது கையெழுத்து போயிற்று. போதாக்குறைக்கு, இந்த ஒற்றைப்பெயர் நோட்டுகளைத் தரகர்கள் வாங்கி, கடன் வாங்கியவரின் முகத்தையே கண்டிராத தூரத்து நகர வங்கிகளிலும் விற்கலானார்கள்.

இழந்த அந்த இரண்டாவது கையெழுத்தின் இடத்தில் வந்து அமர்ந்ததுதான் ஆஸ்திப் பொறுப்பு அறிக்கை என்பது என் துணிபு. விகிதங்களின் வரலாற்றை எழுதுவோர் பலர் கணக்கியலின் வளர்ச்சியிலிருந்து அதைத் தொடங்குகின்றனர். இரட்டைப் பதிவு முறையோ 1494இல் லூக்கா பாச்சோலியின் நூல் வெளிவருவதற்கு முன்பே வழக்கில் இருந்தது. அதன்பின் நானூறு ஆண்டுகள் எவரும் நடப்புச் சொத்தை நடப்புக் கடனால் வகுத்து அதை ஒரு விதியாகக் கொள்ளவில்லை. வகுக்க வேண்டிய அவசியம் ஜாமீன் இல்லாமற்போன பிறகே ஏற்பட்டது.

1895ஆம் ஆண்டில் நியூயார்க் மாகாண வங்கியாளர் சங்கத்தின் நிர்வாகக் குழு, கடன் கேட்பவர்களிடம் அவர்களுடைய ஆஸ்தியையும் கடன்களையும் காட்டும் அறிக்கையைக் கையெழுத்துடன் எழுதி வாங்கவேண்டும் என்று தன் உறுப்பினர்களுக்குப் பரிந்துரைத்தது. 1900இல் அச்சங்கம் அதற்கென ஒரு பொதுப் படிவத்தையும் வெளியிட்டது. நியூயார்க்கின் ஃபோர்த் நேஷனல் வங்கியில் உயர் பதவி வகித்த ஜேம்ஸ் கேனன் இம்முயற்சிக்கு முன்னின்று உழைத்தவர்களுள் முக்கியமானவர். அறிக்கை கேட்பதே அந்நாளில் அவமதிப்பாகக் கருதப்பட்டது. நாற்பது ஆண்டுகள் நாணயமாக வியாபாரம் செய்தவரிடம், “உமது கணக்கைக் காட்டும்” என்று கேட்பது, அவர் சொல்லைச் சந்தேகிப்பதாகும் என்று வருந்திய பெரிய வியாபாரிகள் அங்கும் இருந்தார்கள். ஆயினும் வங்கிகள் கூட்டாகக் கேட்டபோது மறுப்பவர்களுக்குப் போக்கிடம் குறைந்தது. வந்து குவிந்த அறிக்கைகளை எவ்வாறு படிப்பது என்ற கேள்வி அடுத்து எழுந்தது.

முதலில் எல்லாச் சொத்துகளையும் ஒன்றாகக் கூட்டி எல்லாக் கடன்களோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அது பயன்படவில்லை. தொண்ணூறு நாளில் திரும்ப வேண்டிய நோட்டுக்கு ஆலைக் கட்டடமும் நீராவி இயந்திரமும் எவ்விதத்தில் ஆதாரமாகும்? திவாலான நிறுவனங்களின் இயந்திரங்கள் ஏலத்தில் பழைய இரும்பின் விலைக்குப் போவதை வங்கியாளர்கள் கண்ணாரக் கண்டிருந்தார்கள். ஆகவே விரைவில் பணமாகும் சொத்துகளை மட்டும் பிரித்தெடுத்து, விரைவில் தீர்க்கவேண்டிய கடன்களோடு ஒப்பிடும் வழக்கம் 1890களில் வேரூன்றியது. அந்த ஒப்பீட்டில் இரண்டுக்கு ஒன்று என்ற அளவு எங்ஙனம் நிலைபெற்றதெனின், அதன் தர்க்கம் மிக எளிமையானது: வியாபாரம் முறிந்து, சரக்கை அடிமாட்டு விலைக்கு விற்று, பாக்கியில் வந்தமட்டும் வசூலித்து, நடப்புச் சொத்தின் மதிப்பில் சரிபாதி கரைந்துபோனாலும், மிஞ்சும் பாதி கடன் முழுவதையும் தீர்க்கப் போதுமானதாக இருக்கவேண்டும். நடந்துகொண்டிருக்கும் வியாபாரத்தை அளக்கும் எண் அன்று அது. செத்துப்போன வியாபாரத்தில் எனக்கு எவ்வளவு தேறும் என்று கேட்கும் எண். இதை மனத்தில் கொண்டால், அந்த விகிதத்தை ஒரு தொழிலின் ஆரோக்கியத்துக்கு அடையாளமாகப் பாடநூல்கள் எழுதிவருவதில் எத்துணைக் குழப்பம் புகுந்திருக்கிறது என்பது விளங்கும்.

நியூயார்க் வங்கியாளர்கள் அறிக்கைப் படிவங்களைத் திருத்திக்கொண்டிருந்த அதே பத்தாண்டில், சென்னையில் நடந்தது வேறு. ஆர்பத்நாட் கம்பெனி 1906ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் தேதி கதவை மூடியபோது, ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர்களும் விதவைகளும் ஜமீன்தார்களும் அதில் போட்டிருந்த பணம் மண்ணோடு மண்ணாயிற்று. அது ஒரு கூட்டு வியாபார நிறுவனமேயன்றிப் பொதுப் பங்குக் கம்பெனியன்று. அதன் ஆஸ்தி எவ்வளவு, கடன் எவ்வளவு என்பதை வெளியார் அறிய வழியே இருக்கவில்லை. அந்தப் பெயரும், சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டின் சமூக அந்தஸ்துமே ஜாமீனாக இருந்தன. பின்னர் அவர் சிறைத் தண்டனை பெற்றார். அந்தச் சரிவின் எதிரொலியாகவே வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907இல் இந்தியன் வங்கி தோன்றியது. பெயரை நம்பிக் கொடுப்பதற்கும் கணக்கைப் பார்த்துக் கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டை, சென்னை நகரம் அவ்வாண்டில் கற்றதைப்போல் வேறெப்போதும் கற்றதில்லை எனலாம்.

மீண்டும் அமெரிக்காவுக்கு வருவோம். 1913இல் வருமான வரி நிலைபெற்றதும், அதே ஆண்டுச் சட்டத்தால் ஃபெடரல் ரிசர்வ் என்ற மத்திய வங்கி அமைப்பு ஏற்பட்டதும், வியாபாரிகளின் கணக்கறிக்கைகளுக்கு இருந்த தேவையை மேலும் கூட்டின. கடன் அதிகாரிகளின் சங்கமான ராபர்ட் மாரிஸ் அசோஸியேட்ஸில் ஈடுபட்டிருந்த அலெக்ஸாண்டர் வால் என்பவர், 981 நிறுவனங்களின் அறிக்கைகளைத் திரட்டி, தொழில்வாரியாகவும் பிரதேசவாரியாகவும் வகைப்படுத்தி, ஏழு விகிதங்களைக் கணக்கிட்டு 1919இல் ஃபெடரல் ரிசர்வ் அறிக்கையேட்டில் வெளியிட்டார். அதன் புள்ளிவிவர முறையில் குறைகள் உண்டு. எந்தக் காலத்து அறிக்கைகள் என்றுகூட அவர் சொல்லவில்லை. ஆயினும் அவர் கண்ட உண்மை பெரியது: தொழிலுக்குத் தொழில், பிரதேசத்துக்குப் பிரதேசம் விகிதங்கள் வெகுவாக வேறுபட்டன. இரண்டுக்கு ஒன்று என்ற ஒரே கோலால் எல்லாரையும் அளப்பது பொருந்தாது என்பதற்கு முதல் சாட்சியம் அதுவே. வினோதம் என்னவெனில், அதே வால் 1928இல் ரேமண்ட் டன்னிங் என்பவரோடு சேர்ந்து எழுதிய நூலில், பல விகிதங்களுக்கு நிறை கொடுத்துக் கூட்டி ஒற்றை எண்ணாக்கும் ஒரு சூத்திரத்தை முன்வைத்தார். பன்மையைக் கண்டுபிடித்தவருக்கே ஒருமையின் மேல் ஆசை விடவில்லை.

இதற்கிடையில், 1925இல் ஸ்டீபன் கில்மன் என்பவர் விகிதங்களைக் கடுமையாகக் கண்டித்தார். மேலெண்ணும் கீழெண்ணும் ஒருங்கே மாறும்போது விகிதத்தின் மாற்றம் எதைக் குறிக்கிறது என்று திட்டமாகக் கூற இயலாது என்பது அவர் வாதங்களுள் ஒன்று. அதன் உண்மையை ஒரு சிறு கணக்கால் காட்டலாம். நான்கு லட்சம் ரூபாய் நடப்புச் சொத்தும் மூன்று லட்சம் நடப்புக் கடனும் உடைய நிறுவனம், ஆண்டுக் கடைசி நாளன்று கையிலிருக்கும் ஒரு லட்சம் ரொக்கத்தைக் கடனுக்குச் செலுத்திவிடுகிறது. மூன்று லட்சத்துக்கு இரண்டு லட்சம், விகிதம் 1.33இலிருந்து 1.5க்கு ஏறிவிட்டது. நிறுவனத்திடம் முன்பிருந்ததற்கு மேல் ஒரு காசும் சேரவில்லை. மறுநாள் காலை கூலி கொடுக்கக் கையில் ரொக்கமும் இல்லை. ஆண்டிறுதிக் கணக்கில் மட்டும் அழகு கூடியது. இந்த அலங்காரக் கலையை அமெரிக்க வியாபாரிகள் நூறாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். மார்ச் 31ஆம் தேதியை ஒட்டி நம் ஊர் ஆடிட்டர் அலுவலகங்களில் நடப்பதை அறிந்தவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இதுவரை கூறியது கடன் கொடுத்தவரின் விகிதம். அதற்கு முற்றிலும் வேறான ஊற்றிலிருந்து, அதே தேசத்தில், அதே காலத்தில், இன்னொரு விகித மரபு தோன்றியது. டெலவேர் மாகாணத்தில் வெடிமருந்து உற்பத்தி செய்துவந்த டூபாண்ட் குடும்ப நிறுவனத்தை 1902இல் அக்குடும்பத்தைச் சேர்ந்த கோல்மன், பியர், ஆல்ஃபிரட் என்ற மூவர் மூத்தவர்களிடமிருந்து வாங்கினார்கள். விலையாக அவர்கள் கொடுத்தவை நான்கு சதவீத வட்டிப் பத்திரங்களும் புதிய கம்பெனியின் பங்குகளும். ரொக்கமாகச் செலவானது பதிவுக் கட்டணம் முதலியவற்றுக்கான 2,100 டாலர் மட்டுமே. ஆக, வாங்கிய தொழிலின் லாபத்திலிருந்தே வாங்கிய விலையின் வட்டியைச் செலுத்தியாக வேண்டும். இத்தகைய நிலையில் உள்ளவர்களுக்கு, செலவுக்கு மேல் எத்தனை சதவீதம் லாபம் என்ற பழைய வியாபாரக் கணக்கு போதாது; இட்ட மூலதனத்துக்கு எத்தனை சதவீதம் வருகிறது என்பதே உயிர்க் கேள்வியாகும். பியர் டூபாண்ட் அக்கேள்வியைப் பிடிவாதமாகக் கேட்டார். வெடிமருந்து, டைனமைட் என்று பல கிளைகள் கொண்ட ஒரு கம்பெனியில், மிகுந்த லாப விகிதம் காட்டும் கிளை, அதைவிட மிகுந்த மூலதனத்தை விழுங்கிக்கொண்டிருக்கலாம் அல்லவா?

அக்கேள்விக்குச் சூத்திர வடிவம் கொடுத்தவர் டொனால்ட்ஸன் பிரவுன். மின்பொறியியல் கற்றவர், 1909இல் டூபாண்டில் வெடிமருந்து விற்பனைப் பகுதியில் சேர்ந்தவர், கணக்காளரே அல்லர். 1912ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் செய்தது, மூலதனத்தின் வருவாய் விகிதத்தை இரண்டு துண்டுகளாகப் பிரித்ததுதான். விற்பனைக்கு லாபம் எத்தனை பங்கு என்பது ஒன்று. மூலதனம் ஆண்டில் எத்தனை முறை விற்பனையாகிச் சுழல்கிறது என்பது மற்றொன்று. இரண்டையும் பெருக்கினால் மூலதன வருவாய் விகிதம் வந்துவிடும். கோயம்பேட்டில் கீரை விற்பவர் ரூபாய்க்கு ஐந்து காசு லாபத்தில், போட்ட பணத்தை நான்கு முறை சுழற்றினாலும் இருபது சதவீதம். நகைக்கடைக்காரர் ரூபாய்க்கு இருபது காசு வைத்து ஒரே முறை சுழற்றினாலும் இருபது சதவீதம். (உண்மையில் கீரைக்காரரின் பணம் ஆண்டில் முந்நூறு முறைக்கு மேல் சுழலும், கணக்கை எளிதாக்கவே நான்கு என்றேன்.) இவ்விரண்டு துண்டுகளையும் மேலும் பிரித்துக்கொண்டே போகலாம்: லாபத்தைக் கூலி, மூலப்பொருள், போக்குவரத்து, விற்பனைச் செலவு என்றும், மூலதனத்தைக் கட்டடம், இயந்திரம், சரக்கு, பாக்கி, ரொக்கம் என்றும் பிரித்து, எங்கே நோய் என்று விரலால் தொட்டுக்காட்ட முடிந்தது. டூபாண்டின் தலைமையகத்தில் இதற்கென ஓர் அறையே அமைக்கப்பட்டது. ஒவ்வொரு கிளையின் விகிதங்களும் வரைபடங்களாக மேற்கூரையிலிருந்து வரும் சட்டங்களில் தொங்க, நிர்வாகக் குழுவினர் அவற்றின் முன் அமர்ந்து விவாதித்தார்கள்.

இதே பிரவுன் 1921இல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் நிதிப் பொறுப்புக்கு வந்தார். அவர் வந்த சூழ்நிலை கவனிக்கத்தக்கது. முதல் உலகப் போரில் ஈட்டிய பணத்தில் 2.5 கோடி டாலரை டூபாண்ட் அக்கம்பெனியின் பங்குகளில் இட்டிருந்தது. வில்லியம் டுராண்ட் என்ற அதன் ஸ்தாபகர் வாங்குவதிலும் விரிவாக்குவதிலும் மேதை, அடக்குவதில் அல்லர். 1920இல் விலைகள் திடீரென்று வீழ்ந்தபோது, ஒவ்வொரு கிளையும் தன் விருப்பப்படி வாங்கிக் குவித்த சரக்கிருப்பு, நிர்வாகம் விதித்த 15 கோடி டாலர் எல்லையைத் தாண்டி அக்டோபர் மாதத்தில் ஏறத்தாழ 20.9 கோடி டாலராயிற்று. அவ்வாண்டு இறுதிக்குள் டுராண்ட் வெளியேறினார். அதன்பின் பியர் டூபாண்டும், 1923இல் தலைவரான ஆல்ஃபிரட் ஸ்லோனும், பிரவுனும் கட்டிய நிர்வாக முறையில்தான் விகிதமும் வரவுசெலவுத் திட்டமும் முதன்முறையாக ஒன்றோடொன்று பிணைந்தன. ஆலையின் முழுத் திறனில் 80 சதவீதத்தைச் சராசரி உற்பத்தியாகக் கொண்டு, அந்த அளவில் மூலதனத்துக்கு வரவேண்டிய வருவாயை முன்னரே நிர்ணயித்து, அதிலிருந்து விலைக்கும் செலவுக்கும் அளவுகோல் வகுத்தார்கள். பத்து நாளைக்கொரு முறை விற்பனையாளர்களிடமிருந்து எத்தனை வண்டி விற்றது, எத்தனை தங்கியிருக்கிறது என்று அறிக்கை வரவழைத்து உற்பத்தியைத் திருத்தினார்கள். ஆண்டுக்கொரு முறை எழுதி அலமாரியில் பூட்டும் திட்டமாக அது இருக்கவில்லை. இக்காலத்திலேயே, 1922இல், சிகாகோவின் கணக்கியல் பேராசிரியர் ஜேம்ஸ் மெக்கின்ஸி, வரவுசெலவுத் திட்டக் கட்டுப்பாட்டைப் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். சர்க்காருக்கு உரியதாகக் கருதப்பட்ட பட்ஜெட் என்ற கருவி தொழில்களுக்கு உரியதாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல்கலைக்கழகங்கள் இத்துறையில் நுழைந்தன. 1966இல் வில்லியம் பீவர், தோல்வியுற்ற 79 நிறுவனங்களையும் அவற்றை ஒத்த, தோல்வியுறாத 79 நிறுவனங்களையும் இணையிணையாக நிறுத்தி முப்பது விகிதங்களைச் சோதித்தார். மொத்தக் கடனுக்கு எதிராக ஆண்டில் உண்மையாக வந்த ரொக்க ஓட்டம் எவ்வளவு என்ற விகிதமே வீழ்ச்சியை மிக நன்றாக முன்னறிவித்தது. வங்கியாளர்கள் எழுபது ஆண்டுகளாகப் போற்றிய நடப்பு விகிதம் அதற்குப் பின்தங்கியே நின்றது. இரண்டாண்டு கழித்து எட்வர்ட் ஆல்ட்மன் ஐந்து விகிதங்களைக் கோத்து ஒரு சூத்திரம் இயற்றினார். அது இன்றும் உலகெங்கும் பயில்கிறது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்திய வங்கிகள் கடன் கொடுத்த முறை அமெரிக்க வழியன்று. பிரிட்டிஷ் வழி, அதிலும் ஸ்காட்லாந்து வழி. எடின்பரோவின் ராயல் வங்கி 1728இல் ஒரு வியாபாரிக்கு, அவர் கணக்கிலிருக்கும் தொகைக்கு மேலும் ஓர் எல்லைவரை எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்ததிலிருந்து பிறந்த கேஷ் கிரெடிட் என்ற முறையே இங்கு வேரூன்றியது. அதற்கு ஆதாரம் சரக்கு. ஆலையின் கிடங்கில் வங்கியின் பூட்டுத் தொங்கும். பஞ்சு மூட்டை எத்தனை, நூல் சிப்பம் எத்தனை என்று எண்ணி, மதிப்பில் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டு மிச்சத்துக்குக் கடன் கொடுப்பார்கள். போதாததற்கு, ஆலையை ஒப்பந்தத்தின்பேரில் நிர்வகித்துவந்த மானேஜிங் ஏஜெண்டின் கையெழுத்தையும் வாங்கிவைப்பார்கள். இரண்டாவது கையெழுத்து இங்கே இருந்துகொண்டே இருந்ததால், ஆஸ்திப் பொறுப்பு அறிக்கையைக் கூர்ந்து படிக்க வேண்டிய நிர்ப்பந்தமும் இங்கு எழவில்லை. சரக்கு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு கடன். ஆகவே சரக்கைக் குவிப்பவருக்கே பணம் மிகுதியாகக் கிடைத்தது. பஞ்சத்திலும் பதுக்கல் தழைத்ததற்கு இம்முறையும் ஒரு காரணம் என்ற குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை.

1968இல் நியமிக்கப்பட்ட தெஹேஜியா குழு, தொழில்களின் உற்பத்தி வளர்ந்ததைவிட வங்கிக் கடன் விரைவாக வளர்ந்திருப்பதையும், குறுகிய காலக் கடனாக வாங்கிய பணம் கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் போயிருப்பதையும் எடுத்துக்காட்டியது. 1969 ஜூலையில் பதினான்கு வங்கிகள் தேசியமயமாயின. 1970 ஏப்ரலில் மானேஜிங் ஏஜென்ஸி முறை சட்டத்தால் ஒழிந்தது. ஒரே சமயத்தில் விவசாயிக்கும் சிறுதொழிலுக்கும் கடன் கொடுக்க வேண்டிய புதிய கடமை வங்கிகளுக்கு வந்தது. பெருந்தொழில்களுக்கு வாரி வழங்கிய பணத்தை எங்காவது மட்டுப்படுத்தியாக வேண்டும். 1973ஐ அடுத்து எண்ணெய் விலை ஏற்றத்தால் பணவீக்கமும் சேர்ந்துகொண்டது. இந்நிலையில் 1974 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஒரு குழுவை நியமித்தது. தலைவர் பிரகாஷ் டாண்டன். ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனியின் முதல் இந்தியத் தலைவராக இருந்து, கடன் கேட்பவரின் நாற்காலியில் நெடுங்காலம் அமர்ந்தவர். அப்போது பஞ்சாப் நேஷனல் வங்கியின் தலைவராகக் கடன் கொடுப்பவரின் நாற்காலிக்கு மாறியிருந்தவர். இரு தரப்பையும் அறிந்த ஒருவரே அந்த அளவுகோலை வகுத்தார் என்பது பலர் கவனியாதது.

1975இல் வந்த அக்குழுவின் அறிக்கை, பதினைந்து தொழில்களுக்கு மூலப்பொருள், செய்பொருள், விற்றுவராத பாக்கி ஆகியவை எத்தனை வாரம் அல்லது மாதம் இருக்கலாம் என்று வரையறுத்தது. அவ்வரையறைக்குள் அமைந்த நடப்புச் சொத்துக்கு வங்கி எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு மூன்று முறைகளைச் சொன்னது. நடப்புச் சொத்து 100 ரூபாய் என்றும், சரக்குக் கொடுத்தவர்களிடம் வைத்துள்ள கடன் 20 ரூபாய் என்றும் கொள்வோம். முதல் முறையில், எஞ்சிய 80இல் கால் பங்கைத் தொழிலதிபர் தம் நீண்டகாலப் பணத்திலிருந்து இடவேண்டும், வங்கி 60 கொடுக்கும், விகிதம் 1.25. இரண்டாம் முறையில், எஞ்சியதில் அன்று, முழு நூறிலுமே கால் பங்கை அவர் இடவேண்டும்; 25 போக, சரக்குக் கடன் 20 போக, வங்கி கொடுப்பது 55. நடப்புக் கடன் மொத்தம் 75. நூறை எழுபத்தைந்தால் வகுத்தால் 1.33. நம் வங்கிப் படிவங்களில் வேதவாக்காக நிற்கும் எண்ணின் பிறப்பு இவ்வளவே: கால் பங்கு உம்முடையது, முக்கால் பங்கு பிறருடையது என்ற பங்கீட்டின் நிழல் அது. மூன்றாம் முறையில், எந்நாளும் கிடங்கில் கிடந்தே தீரும் அடிப்படைச் சரக்கு முழுவதையும், அதை 20 என்று கொண்டால், தொழிலதிபரே தாங்கி, மிச்சத்திலும் கால் பங்கு இடவேண்டும், விகிதம் 1.67 ஆகும். மூன்றாவது முறையை ரிசர்வ் வங்கி நடைமுறைக்குக் கொண்டுவரவேயில்லை.

நியூயார்க்கின் 2க்கும் பம்பாயின் 1.33க்கும் உள்ள வேறுபாடு அளவில் மட்டுமன்று. முன்னது, வியாபாரம் முறிந்தால் என் பணம் திரும்புமா என்ற தனி வங்கியாளரின் அச்சம். பின்னது, தட்டுப்பாடான தேசியப் பணத்தை யாருக்கு எவ்வளவு பங்கிடுவது என்ற அரசின் ரேஷன் கணக்கு. சரக்கில் பாதி கரையும் என்று அஞ்சியவர் பாதியைக் கேட்டார். பங்கீடு செய்தவர் கால் பங்கைக் கேட்டார். இவ்விரண்டையும் ஒரே பெயரால் ஒரே அத்தியாயத்தில் மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். டூபாண்டின் கேள்வியான மூலதனச் சுழற்சியோ, டாண்டன் குழுவின் சரக்கு வரையறைகளுக்குள் மறைமுகமாக நுழைந்ததேயன்றி, வங்கி அதிகாரியின் மேசையில் தனக்கென ஓர் இடத்தைப் பெறவில்லை.

1979இல் அமைந்த சோரே குழு, பெரிய கடனாளிகள் அனைவரும் இரண்டாம் முறைக்கு வரவேண்டும் என்றும், வர இயலாதவர்களின் அதிகப்படிக் கடனைத் தனியாகப் பிரித்துத் தவணைக் கடனாக்க வேண்டும் என்றும் கூறியது. 1980 இறுதியில் ரிசர்வ் வங்கி அதை ஏற்றது. 1965 முதல் இருந்துவந்த கடன் அனுமதித் திட்டத்துக்குப் பதிலாக 1988இல் கடன் கண்காணிப்பு ஏற்பாடு வந்தது. இன்றும் நம் ஊரில் தொழில்முனைவோர் வாயில் வழங்கும் சி.எம்.ஏ. டேட்டா என்ற பெயர் அதிலிருந்து எஞ்சியதே. அந்தப் படிவம் கடந்த ஆண்டுகளின் கணக்கோடு வரும் ஆண்டின் உத்தேசக் கணக்கையும் கேட்கிறது. மெக்கின்ஸியின் நூலைக் கேள்விப்பட்டேயிராத பட்டறை உரிமையாளர் தம் வாழ்வில் முதன்முதலாக ஒரு வரவுசெலவுத் திட்டத்தைக் கண்ணால் காண்பது அந்தப் படிவத்தில்தான். அதுவும் பெரும்பாலும் ஆடிட்டர் எழுதி, அவர் கையெழுத்து மட்டும் இட்டது. விற்பனை இவ்வளவு கூடும் என்ற உத்தேசம் சந்தையைப் பார்த்து எழுதப்படுவதில்லை. வேண்டிய கடன் தொகையை முதலில் வைத்துக்கொண்டு, 1.33 வரும்வரை பின்னோக்கிக் கணக்கிட்டு எழுதப்படுகிறது. ஜெனரல் மோட்டார்ஸில் பத்து நாளைக்கொரு முறை திருத்தப்பட்ட கருவி, இங்கே ஆண்டுக்கொரு முறை நிரப்பப்படும் சடங்காயிற்று. குற்றம் பட்டறைக்காரர்மேல் இல்லை. அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி அத்தகையது.

சிறுதொழில்களுக்கு இத்தனை நுணுக்கம் ஆகாது என்று உணர்ந்தே, 1991இல் அமைந்த நாயக் குழு, உத்தேச ஆண்டு விற்பனையில் 20 சதவீதத்தை நடைமுறை மூலதனக் கடனாகக் கொடுக்கலாம் என்ற எளிய வழியைச் சொன்னது. மூலப்பொருள் வாங்குவதிலிருந்து விற்ற பணம் கைக்கு வரும்வரை மூன்று மாதம் என்று கொண்டால், ஆண்டு விற்பனையில் கால் பங்கு, அதாவது 25 சதவீதம் எப்போதும் முடங்கியிருக்கும். அதில் ஐந்தில் ஒன்றை, விற்பனையில் 5 சதவீதத்தை, உரிமையாளர் இடவேண்டும். மீதி 20 வங்கியுடையது. இருபத்தைந்தை இருபதால் வகுத்தால் வருவது தொடக்கத்தில் நாம் கண்ட 1.25. திருப்பூரில் அயல்நாட்டு ஆர்டருக்குப் பனியன் தைத்து அனுப்புபவருக்குப் பணம் மூன்று மாதத்தில் திரும்புவது அரிது என்பதும், அரிசி ஆலைக்காரருக்கு அறுவடைக் காலத்தில் மட்டும் மொத்தத் தேவையும் ஒரே சேர வந்து நிற்கும் என்பதும் இந்தச் சூத்திரத்துக்குத் தெரியாது. தொழிலுக்குத் தொழில் விகிதம் வேறு என்று வால் 1919இல் கண்டது மறுபடி மறக்கப்பட்டது.

1997 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, நடைமுறை மூலதனத் தேவையை மதிப்பிடும் முறையை வங்கிகளே தீர்மானித்துக்கொள்ளலாம் என்று விடுதலை அளித்து, டாண்டன் குழுவின் உச்சவரம்பைக் கட்டாயமில்லாததாக்கியது. ரொக்க ஓட்டத்தை அடிப்படையாகக் கொண்ட பட்ஜெட் முறையையும் வங்கிகள் கைக்கொள்ளலாம் என்று வழி திறந்தது; கட்டுமானம் போன்ற சில தொழில்களில் அது புழக்கத்துக்கும் வந்தது. ஆனால் பெரும்பாலான வங்கிகளின் இயக்குநர் குழுக்கள், தங்கள் சொந்தக் கடன் கொள்கை என்ற தலைப்பின்கீழ், பழைய இரண்டாம் முறையையும் 1.33ஐயும், விரும்பினால் தளர்த்திக்கொள்ளலாம் என்ற ஒரு வாசகத்தை மட்டும் சேர்த்து, அப்படியே எழுதிக்கொண்டன.